கத்தி படாதவர்களின் கணக்கு

23.8 சதவீதம். 2020 மே 29-ம் தேதி லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையின் மைய எண் இது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஏழு நாளிலோ, சிகிச்சை முடிந்த முப்பது நாளுக்குள்ளோ கொரோனா தொற்று உறுதியானவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் அந்த ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார் என்று அது சொன்னது.

இந்த எண் செய்தித் தலைப்பாகி, டிவி விவாதமாகி, கடைசியில் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு வந்து சேர்ந்தபோது அதன் பாதி எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. “இப்ப ஆபரேஷன் பண்ணினா நாலுல ஒருத்தர் செத்துடுவாங்களாம்” என்பதுதான் மிஞ்சியது. ‘தொற்று உள்ளவர்களில்’ என்ற நிபந்தனையைக் காணோம். அந்த ஒரு சொல் போனதும் கட்டுரையின் அர்த்தமே வேறாகிவிடுகிறது.

வாட்ஸாப்பைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடலாம், அது ரொம்பச் சுலபம். ஆனால் அந்தக் கட்டுரையும், அதே குழு 2020, 2021 ஆண்டுகளில் அடுத்தடுத்து வெளியிட்ட மற்ற கட்டுரைகளும் இப்போது வரிசையாக வைத்துப் படிக்கக் கிடைக்கின்றன. அப்படிப் படித்தபோது எனக்குத் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். குழுவின் பெயர் கோவிட்சர்ஜ். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பு. பெருந்தொற்றுக் காலத்தில் நடந்த நல்ல ஆய்வுகளின் பட்டியலில் இவர்களுடையதுக்குக் கட்டாயம் இடம் உண்டு. என் விமர்சனம் வேறு. ஆபரேஷன் தியேட்டரின் கதவுக்கு உள்ளே வந்தவர்களைத்தான் முதலில் எண்ணினார்கள். கதவுக்கு வெளியே நின்றவர்களை எண்ண ஒன்றரை வருஷம் ஆயிற்று. ‘அறுவை சிகிச்சையின் பாதுகாப்பு’ என்று நாம் பேசியதெல்லாம் அந்த ஒன்றரை வருஷமும் பாதிக் கணக்காகவே இருந்தது.

முதல் எச்சரிக்கை

லான்செட் கட்டுரைக்கு முன்பே ஒரு சின்னக் கட்டுரை வந்திருந்தது, வூஹானிலிருந்து. 2020 ஜனவரி 1-லிருந்து பிப்ரவரி 5-க்குள், அங்கே நான்கு மருத்துவமனைகளில் திட்டமிட்ட அறுவை சிகிச்சை செய்துகொண்ட 34 பேரைப் பற்றியது. மேசைக்குப் போகும்போது யாருக்கும் அறிகுறி இல்லை. கிருமி உடம்புக்குள் வந்துவிட்டிருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். அவர்களில் 15 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். 7 பேர் இறந்தார்கள்.

34 பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேள்வியை அது எழுப்பிவிட்டது: அறுவை சிகிச்சையும் இந்தக் கிருமியும் ஒரே உடம்பில் சந்தித்தால் என்ன ஆகும்?

கோவிட்சர்ஜ் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. 24 நாடுகள், 235 மருத்துவமனைகள், 1,128 நோயாளிகள். அந்தந்த மருத்துவமனையின் டாக்டர்களே தங்கள் வேலைக்கு நடுவில் உட்கார்ந்து விவரங்களைப் பதிந்தார்கள். மார்ச் 31 வரை நடந்த அறுவைகளைப் பற்றிய கட்டுரை மே மாத முடிவுக்குள் அச்சேறியது. மருத்துவ ஆய்வுலகில் இது நம்பமுடியாத வேகம்.

வேகம் என்றாலே அவசரக் கோலம் என்று ஆகிவிடாது. இதே லான்செட் இதே வாரத்தில்தான் இன்னொரு கட்டுரையால் தலைகுனிந்து நின்றது. மே 22-ம் தேதி வந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கட்டுரை. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று சொல்லிக்கொண்டது. சர்ஜிஸ்பியர் என்ற சிறு நிறுவனம் கொடுத்த தரவு. மூலத்தைக் காட்டச் சொன்னபோது காட்டவில்லை, ஜூன் 4-ம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அங்கே லட்சம் பேருக்கு நாலே ஆசிரியர்கள். இங்கே ஆயிரத்துச் சொச்சம் பேரை எண்ண, ஒவ்வொரு ஊரிலும் பெயர் சொல்லக்கூடிய ஆட்கள். எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் எண்ணியது யார் என்று கேட்டால் பதில் இருந்தது. இந்தக் கூட்டமைப்பு பின்னால் எவ்வளவு வளர்ந்தது என்றால், தடுப்பூசி பற்றிய இவர்களுடைய ஒரு கட்டுரைக்கு 15,025 ஆசிரியர்கள். கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

சரி, என்ன கண்டுபிடித்தார்கள்? 1,128 பேரில் 268 பேர் முப்பது நாளுக்குள் இறந்தார்கள். பாதிப் பேருக்கு, அதாவது 577 பேருக்கு, நுரையீரல் சிக்கல் வந்தது: நிமோனியா, மூச்சுத்திணறல், எதிர்பாராமல் வென்டிலேட்டர். இறந்த 268 பேரில் 219 பேர் இந்த நுரையீரல் சிக்கல் வந்தவர்கள்.

இதில் ஆச்சரியமில்லை. பொது மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் குழாய் போகிறது. நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குகிறது. அறுவை முடிந்து கண் விழித்தவருக்கு வயிற்றுத் தையல் வலியில் இருமக்கூட முடியாது, சளி தேங்குகிறது. அறுவை சிகிச்சை என்பதே உடம்புக்கு ஒரு காயம், அந்தக் காயத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை நோய் எதிர்ப்பைக் குழப்புகிறது. கொரோனா இல்லாத காலத்திலேயே பெரிய அறுவைக்குப் பிறகு டாக்டர்கள் அதிகம் பயப்படுவது நுரையீரலைப் பற்றித்தான். அதே நுரையீரலைக் குறிவைக்கும் கிருமி கூடவே இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கட்டுரை எண்களில் காட்டியது. அந்த அளவில் அது சொன்னது உண்மை, தேவையும்கூட.

கீழே இருக்கும் எண்

பள்ளிக்கூடப் பின்னக் கணக்கு ஞாபகம் இருக்கா? மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. 268-ஐ நாம் எல்லோரும் பார்த்தோம். 1,128 யார் என்று எத்தனை பேர் கேட்டோம்?

அவர்கள் எல்லோரும் தொற்று உறுதியானவர்கள். 2020 மார்ச்சில் ஐரோப்பாவில் பரிசோதனைக் கருவிகளுக்கே பஞ்சம். காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தவர்களைத்தான் பெரும்பாலும் சோதித்தார்கள். தொற்று வந்து தெரியாமலே போனவர்கள், லேசாக வந்து வீட்டுக்குப் போய்விட்டவர்கள் இந்த 1,128-க்குள் வந்திருக்க வாய்ப்பு குறைவு. பகுதியில் இருக்க வேண்டிய ஆட்கள் விடுபட்டால் பின்னத்தின் மதிப்பு பெருக்கும். இது எளிய கணக்கு.

இரண்டாவது, அவர்களில் 74 சதவீதம் பேர் அவசர அறுவைக்கு வந்தவர்கள். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள், குடல் அடைத்துக்கொண்டவர்கள். இப்படிப்பட்டவர்களுக்குச் சாதாரண வருஷத்திலேயே ஆபத்து அதிகம். மூன்றாவது, இந்தக் கட்டுரைக்குள் தொற்று இல்லாத ஒப்பீட்டுக் குழு கிடையாது. 23.8-ல் எவ்வளவு கிருமியால், எவ்வளவு வயதாலும் அவசரத்தாலும் என்று இந்தத் தரவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

இதெல்லாம் ஆசிரியர்களுக்குத் தெரியாததல்ல. என் குறை அவர்களுடைய முடிவுரையில்தான் இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் அறுவை சிகிச்சைக்கான வரம்பை வழக்கத்தைவிட உயர்த்த வேண்டும், குறிப்பாக எழுபது வயதைக் கடந்த ஆண்களுக்கு. அவசரமில்லாதவற்றைத் தள்ளிப்போடுவதைப் பரிசீலிக்க வேண்டும் என்று முடித்தார்கள். இந்தப் பரிந்துரை தொற்று இல்லாத நோயாளியைப் பற்றியது. தரவோ தொற்று உள்ளவரைப் பற்றியது. நடுவில் ஒரு பாலம் வேண்டும், அது கட்டப்படவில்லை.

அந்தப் பாலத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்த நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் தொற்று வர எவ்வளவு வாய்ப்பு? வந்தால் எவ்வளவு ஆபத்து? அறுவை செய்யாமல் விட்டால் எவ்வளவு ஆபத்து? லான்செட் கட்டுரை இரண்டாவதுக்கு மட்டும்தான் பதில் வைத்திருந்தது.

முதல் கேள்விக்குப் பதில் 2020 அக்டோபரில் இதே குழுவிடமிருந்து வந்தது. 55 நாடுகளில் 9,171 பேர், எல்லோரும் திட்டமிட்ட புற்றுநோய் அறுவைக்கு வந்தவர்கள். தியேட்டர், தீவிர சிகிச்சைப் பிரிவு, வார்டு மூன்றையும் கொரோனா நோயாளிகளிடமிருந்து முழுசாகப் பிரித்துவைத்த மருத்துவமனைகளில், அறுவைக்குப் பின் தொற்று வந்தவர்கள் 2.1 சதவீதம். பிரிக்காத இடங்களில் 3.6 சதவீதம். நுரையீரல் சிக்கல் 2.2-க்கு எதிராக 4.9.

இப்போது ஒரு துண்டுச்சீட்டுக் கணக்கு போடலாம். முதல் கட்டுரையில் திட்டமிட்ட அறுவைக்கு வந்தவர்களின் இறப்பு விகிதம் 18.9 சதவீதம். பிரிக்காத ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேரில் 36 பேருக்குத் தொற்று, அதில் 18.9 சதவீதம் என்றால் ஏறக்குறைய 7 பேர். பிரித்துவைத்த ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு 4 பேர். இது தோராயம்தான். இரண்டு வெவ்வேறு ஆய்வின் எண்களைப் பெருக்குவதில் ஓட்டை உண்டு. ஆனாலும் ‘நாலில் ஒருவர்’ எங்கே, ‘ஆயிரத்தில் நாலு பேர்’ எங்கே? இரண்டும் ஒரே கூட்டமைப்பின் தரவிலிருந்துதான் வருகின்றன.

மூன்றாவது கேள்விக்கு அந்த நவம்பரில் பிஎம்ஜே இதழில் ஒரு பதில் வந்தது. அதுவரை வந்த 34 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், புற்றுநோய் அறுவை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது. உள்ள அபாயத்தின் மேல் இவ்வளவு கூடுகிறது என்று படிக்க வேண்டும். உதாரணத்துக்கு, நோயால் நீண்ட காலத்தில் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 30 என்று உள்ளவர் பன்னிரண்டு வாரம் காத்திருந்தால், அபாயம் ஒவ்வொரு நான்கு வாரத்துக்கும் இதே விகிதத்தில் பெருகுவதாக வைத்துக்கொண்டால், அது 35-ஐ ஒட்டி வந்து நிற்கும். ஆயிரம் பேருக்கு ஐம்பது பேர் கூடுதல். ஒன்று முப்பது நாள் கணக்கு, இன்னொன்று பல வருஷக் கணக்கு, நேருக்கு நேர் வைக்க முடியாது, சரிதான். ஆனால் தராசில் இன்னொரு தட்டு இருந்தது என்பதற்கு இது போதும்.

மும்பையிலிருந்து ஒரு பூஜ்யம்

இந்த விவாதத்தில் நமக்குப் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் இருக்கிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 30 வரை, ஊரடங்குக்கு நடுவிலேயே, 494 திட்டமிட்ட புற்றுநோய் அறுவைகளைச் செய்தது. பெரும்பாலானவை சிக்கலான பெரிய அறுவைகள். அறுவைக்குப் பின் ஒருவர்கூட இறக்கவில்லை. அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி இதழில் இதை வெளியிட்டார்கள்.

அப்போது இதை எடுத்துக்காட்டி “பாருங்க, பயப்பட ஒண்ணுமில்ல” என்று சொன்னவர்கள் உண்டு. அதுவும் அரைகுறை வாசிப்பு. அந்த 494 பேரின் நடு வயது 48. அறுபதைத் தாண்டியவர்கள் 13 சதவீதம்தான். மூன்றில் இரண்டு பேருக்கு மேல், புற்றுநோயைத் தவிர வேறு உடல்நலக் கோளாறு இல்லாத, மயக்க மருந்துக் கணக்கில் முதல் தர ஆரோக்கியம் உள்ளவர்கள். மும்பையில் தொற்று உச்சத்துக்கு ஏறும் முன்பான வாரங்கள் வேறு. லான்செட்டின் 23.8 எப்படி எல்லோருக்கும் பொருந்தாதோ, அதேபோல டாடாவின் பூஜ்யமும் எல்லோருக்கும் பொருந்தாது.

ஆனால் டாடா செய்த வேறொரு காரியம்தான் முக்கியம். பகுதியை மாற்றினார்கள். ‘தொற்று வந்தவர்களில் எத்தனை பேர்’ என்று கேட்காமல், ‘நாம் அறுவை செய்தவர்களில் எத்தனை பேர்’ என்று கேட்டார்கள். ஒரு மருத்துவமனை நிர்வாகம் நாளைக்குத் தியேட்டரைத் திறக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இந்தக் கேள்விதான் உதவும்.

2.84 கோடி

இதே குழு மே மாதத்தில் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் இன்னொரு கட்டுரையும் வெளியிட்டது. பெருந்தொற்று உச்சத்தில் இருக்கும் பன்னிரண்டு வாரத்தில் உலகம் முழுக்க 2 கோடியே 84 லட்சம் திட்டமிட்ட அறுவைகள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்று கணித்தது. வழக்கத்தைவிட 20 சதவீதம் கூடுதலாக வேலை செய்தால்கூட, தேங்கியதை முடிக்க 45 வாரம் ஆகும் என்றது.

இந்த எண்ணை ‘கணக்கெடுப்பு’ போலப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். இது கணிப்பு. 71 நாடுகளில் 359 மருத்துவமனைகளின் டாக்டர்களிடம் “உங்க இடத்துல எவ்வளவு ரத்தாகும்னு நினைக்கிறீங்க” என்று கேட்டு, அதைப் புள்ளியியல் மாதிரியில் போட்டு எடுத்தது. நெருக்கடியின் நடுவில் நிற்பவரிடம் கேட்டால் நெருக்கடியின் அளவில்தான் பதில் வரும். அமெரிக்காவில் பின்னர் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, 2020 வசந்த கால முடக்கத்தின்போது அறுவைகள் 48 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் சில மாதங்களிலேயே முந்தைய ஆண்டின் அளவுக்குத் திரும்பிவிட்டன. கணிப்பு சொன்னது திட்டமிட்டவற்றை மட்டும், இது எல்லா அறுவையையும் சேர்த்து. அதனால் நேர் ஒப்பீடு கிடையாது. பணமும் ஆளும் உள்ள இடம் சீக்கிரம் எழுந்துகொண்டது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு இந்தக் கட்டுரையில் உறுத்துவது வேறு ஒரு சொல். ரத்தாகும் என்று சொன்னவற்றில் 90 சதவீதம், புற்றுநோய் அல்லாத ‘சாதாரண’ நோய்களுக்கானவை. குடலிறக்கம், பித்தப்பைக் கல், கண்புரை, மூட்டு மாற்று. இவை ‘அவசரமில்லாதவை’ என்ற ஒரே பெட்டிக்குள் போய்விட்டன.

மதுரைப் பக்கம் இருக்கும் என் சித்தப்பாவுக்குப் பித்தப்பைக் கல். 2020 ஏப்ரலில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். ஊரடங்கு வந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணி “அவசரமில்லை, அப்புறம் பார்க்கலாம்” என்றார்கள். அன்றைக்கு அது நியாயமான முடிவுதான். ஆகஸ்டில் கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்துக்கொண்டது. காய்ச்சல், மஞ்சள் காமாலை, நடுராத்திரி ஆம்புலன்ஸ். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவர் மூன்று வாரம் படுத்துக் கிடந்து பிழைத்தார். கடைசிவரை அவருக்குக் கொரோனா வரவில்லை. அதனால் நான் இதுவரை சொன்ன எந்த அட்டவணையிலும் அவர் இல்லை. அறுவை நடந்தபோது ‘தொற்று இல்லாத, அவசர அறுவை, உயிர் பிழைத்தார்’ என்று ஏதாவது ஒரு கணக்கில் நல்ல முடிவாகக்கூட ஏறியிருக்கலாம்.

லான்செட் கட்டுரையே சொல்கிறது: அவசர அறுவையின் ஆபத்து திட்டமிட்டதைவிட அதிகம், 25.6-க்கு 18.9. அப்படியானால், திட்டமிட்டதைத் தள்ளிப்போட்டு அவசரமாக மாற்றுவதும் ஒரு ஆபத்துதானே? அந்தக் கேள்விக்கு அந்தக் கட்டுரையின் தரவில் பதில் இல்லை.

ஏழு வாரம் என்கிற விதி

2021 மார்ச்சில் அனஸ்தீசியா இதழில் வந்த கட்டுரை இந்தக் குழுவின் மிகப் பெரிய முயற்சி. 116 நாடுகள், 1,40,231 நோயாளிகள். அவர்களில் 3,127 பேருக்கு அறுவைக்கு முன் எப்போதோ கொரோனா வந்திருந்தது. இந்த முறை ஒப்பீட்டுக் குழு இருந்தது. முதல் கட்டுரையின் பெரிய ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

தொற்றே வராதவர்களில் முப்பது நாள் இறப்பு 1.5 சதவீதம். தொற்று உறுதியாகி இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தவர்களில் 4.1, மூன்று நான்கு வாரத்தில் 3.9, ஐந்து ஆறு வாரத்தில் 3.6. ஏழு வாரமோ அதற்கு மேலோ ஆனால் மறுபடியும் 1.5. உடனே உலகம் முழுக்க ஒரு விதி பிறந்தது: கொரோனா வந்தால் ஏழு வாரம் பொறு.

இந்த ஏழு எங்கிருந்து வந்தது? ஆய்வாளர்கள் நோயாளிகளை நான்கு பெட்டியாகப் பிரித்திருந்தார்கள்: 0-2, 3-4, 5-6, 7-க்கு மேல். கடைசிப் பெட்டியில் எட்டாவது வாரக்காரரும் ஆறு மாதம் கழித்து வந்தவரும் ஒன்றாக இருந்தார்கள். ஐந்து ஆறு வாரப் பெட்டியில் 326 பேர்தான். ஆபத்து ஏழாவது வாரத் தொடக்கத்தில் மாயமாகக் குறைகிறது என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. இன்னொன்று, ஏழு வாரம் தாண்டி மேசைக்கு வந்தவர் அந்த ஏழு வாரத்தைப் பிழைத்தவர். நடுவில் தொற்றாலோ மூல நோயாலோ போய்ச் சேர்ந்தவர் அந்தப் பெட்டிக்கு வரவே மாட்டார். காத்திருந்ததால் நலமானார்களா, நலமானவர்கள்தான் காத்திருந்து வந்தார்களா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்.

இதே கட்டுரையில் இதைவிடப் பயனுள்ள ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. ஏழு வாரத்துக்குப் பிறகும் அறிகுறி தீராதவர்களில் இறப்பு 6.0 சதவீதம். அறிகுறி வந்து தீர்ந்தவர்களில் 2.4. அறிகுறியே வராதவர்களில் 1.3. அதாவது காலண்டரைப் பார்ப்பதோடு ஆளையும் பார்க்க வேண்டும். மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறதா என்று கேட்பது வாரங்களை எண்ணுவதற்குக் குறைந்ததில்லை. ஆனால் விதியாக மாறியது ‘ஏழு’ மட்டுமே. எண்ணை விதியாக்குவது சுலபம், கவனிப்பை விதியாக்க முடியாதல்லவா.

தடுப்பூசி வந்தது, ஒமிக்ரான் வந்தது, நிலைமை மாறியது. 2023-ல் அமெரிக்க மயக்கவியல் சங்கமும் பிரிட்டனின் வழிகாட்டிகளும் இதைத் தளர்த்தின: குறைந்தது இரண்டு வாரம், அதற்கு மேல் ஆளைப் பொறுத்து. அந்த ‘ஆளைப் பொறுத்து’க்கான ஆதாரம் 2021 கட்டுரையிலேயே இருந்தது என்பதுதான் என் ஆதங்கம்.

கதவுக்கு வெளியே

கடைசியாக, 2021 அக்டோபர். லான்செட் ஆன்காலஜி. என் பார்வையில் இவர்கள் எழுதியவற்றில் சிறந்தது இதுதான், ஆனால் 23.8-க்குக் கிடைத்த சத்தத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

இங்கே என்ன செய்தார்கள் என்றால், அறுவை நடந்தவர்களை எண்ணாமல், அறுவை தேவை என்று முடிவெடுக்கப்பட்டவர்களை எண்ணத் தொடங்கினார்கள். 61 நாடுகள், 15 வகைப் புற்றுநோய், 20,006 நோயாளிகள். அவர்களில் 2,003 பேருக்கு, சராசரியாக ஐந்து மாதத்துக்கும் மேல் தொடர்ந்து பார்த்த பிறகும், அந்த அறுவை நடக்கவே இல்லை. பத்தில் ஒருவர். கட்டுப்பாடுகள் லேசாக இருந்த இடங்களில் இது 0.6 சதவீதம். நடுத்தரக் கட்டுப்பாட்டில் 5.5. முழு ஊரடங்கில் 15 சதவீதம், அதாவது ஏழில் ஒருவர்.

அந்த 2,003 பேரும் பழைய முறைப்படி எண்ணியிருந்தால் எந்த அறுவை சிகிச்சை ஆய்விலும் வந்திருக்க மாட்டார்கள். அறுவையே நடக்காதவருக்கு ‘அறுவைக்குப் பிந்தைய இறப்பு’ எப்படி வரும்? எல்லா அறுவையையும் நிறுத்திவிட்ட ஒரு மருத்துவமனை, பழைய கணக்குப்படி உலகிலேயே பாதுகாப்பான மருத்துவமனை. சாவு பூஜ்யம்.

இந்தக் கட்டுரைக்கும் எல்லை உண்டு. அறுவை கிடைக்காதவர்கள் பின்னர் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று அதற்குத் தெரியாது. பரிசோதனை முகாம்களும் வெளிநோயாளிப் பிரிவும் மூடியிருந்ததால் நோயே கண்டுபிடிக்கப்படாதவர்கள் இதிலும் இல்லை. கதவுக்கு வெளியே முதல் வரிசையில் நின்றவர்கள் வரைதான் எண்ணியிருக்கிறார்கள். இருந்தாலும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது இதுதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டியது

முதல் கட்டுரையால்தான் உலகம் அறுவைகளை நிறுத்தியது என்று நான் சொல்லவில்லை. தேதிகளைப் பாருங்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி மார்ச் 13-லேயே தள்ளிப்போடச் சொல்லிவிட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை மார்ச் 17 கடிதத்தில் 30,000 படுக்கைகளைக் காலி செய்யச் சொன்னது. நம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் அறிவுறுத்தல் மார்ச் 20. அப்போது காரணம் படுக்கை, வென்டிலேட்டர், கவச உடை, ஆள் பற்றாக்குறை. அந்த வாரங்களில் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் மே மாதத்தில் கேள்வி மாறிவிட்டது. ‘நிறுத்தலாமா’ என்பது போய் ‘எப்போது திறக்கலாம், யாருக்கு முதலில்’ என்பது வந்தது. சரியாக அந்த நேரத்தில் வந்த எண் 23.8. தொற்று இல்லாத இடம் ஒன்றைப் பிரித்து உருவாக்கி அறுவையைத் தொடரலாம் என்ற வழியைவிட, ‘இன்னும் கொஞ்சம் பொறுப்போம்’ என்பதற்கு அது அதிகம் துணை போனது. டாக்டருக்கும் நோயாளிக்கும் இரண்டு பேருக்குமே அது சௌகரியமான பதில். செய்து ஒருவர் இறந்தால் பெயர் தெரியும், கேள்வி வரும். செய்யாமல் ஒருவர் இரண்டு வருஷம் கழித்து இறந்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

இங்கிலாந்தில் குறைந்தபட்சம் ஒரு பட்டியல் இருக்கிறது. பெருந்தொற்றுக்கு முன் சுமார் 45 லட்சமாக இருந்த மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல் 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைத் தாண்டியது. அதில் அறுவைக்கு நிற்பவர்கள் ஒரு பகுதிதான், பெருந்தொற்று மட்டுமே காரணமும் இல்லை. ஆனாலும் மாதாமாதம் எண்ணி வெளியிடுகிறார்கள், பாராளுமன்றத்தில் சண்டை போடுகிறார்கள். இந்தியாவில் அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்கு அப்படி ஒரு தேசியப் பட்டியலே கிடையாது. ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிக்கொண்டு திரும்பிப் போனவர் மறுபடி வந்தாரா, வேறு எங்காவது கடன் வாங்கிச் செய்துகொண்டாரா, இல்லை போய்விட்டாரா என்று சொல்ல எந்தப் பதிவேடும் இல்லை. அடுத்த பெருந்தொற்றில் நம் ஊரிலிருந்து யாராவது இந்த ஆய்வைச் செய்ய உட்கார்ந்தால், தொகுதிக்கும் பகுதிக்கும் முன்னால் அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது ஒரு நோட்டுப் புத்தகம். ‘அறுவை தேவை’ என்று டாக்டர் எழுதிய அன்றைக்கே நோயாளியின் பெயரும் தேதியும் ஏறுகிற நோட்டு.

அது வரும்வரை வாசகர்களாக நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அறுவை சிகிச்சை பற்றி எந்தச் சதவீதம் கண்ணில் பட்டாலும், அது நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும்போது, அந்த நூறு பேர் யார், அவர்களுக்குள் வராமல் போனவர்கள் யார் என்று கேளுங்கள். மருத்துவத் துறையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், 2020-ல் உங்கள் இடத்தில் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் இன்னும் நல்லது.